மதியம் 12 மணி ஜெபம்: 1857-ல் நியூயார்க் கேட்டதும் கேட்காமல் விட்டதும்



பொருளாதார நெருக்கடி என்றதும் எல்லோரும் 1929 என்பார்கள், அடுத்து 2008 என்பார்கள். 1857 என்று யாரும் சொல்வதில்லை. நம் நாட்டில் அந்த வருடத்தைச் சொன்னாலே சிப்பாய்க் கிளர்ச்சிதான் நினைவுக்கு வரும். ஆனால் அதே 1857-ல்தான் அமெரிக்காவில் வங்கிகள் வரிசையாகத் தடுமாறின. அதே மாதங்களில் நியூயார்க்கில், வங்கிகள் இருந்த தெருக்களுக்குப் பக்கத்திலேயே, வியாபாரிகளும் குமாஸ்தாக்களும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூடி ஜெபம் செய்யத் தொடங்கினார்கள். ஆறு பேரில் ஆரம்பித்த கூட்டம் ஆறே மாதத்தில் பல நகரங்களுக்குப் பரவியது. மூன்று வருடத்துக்குள் அந்தச் செய்தி நம் திருநெல்வேலிச் சீமை வரை வந்து சேர்ந்தது.

பி.காம் படிக்கிறவனுக்கு ஜெபக்கூட்டத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். இந்தக் கதையில் வங்கி இருக்கிறது, பருத்தி இருக்கிறது, பத்திரிகைப் போட்டி இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கேள்வி இருக்கிறது: ஒரு சபை "எங்களைப் பலப்படுத்தும், எங்களை நிரப்பும்" என்று கேட்கும்போது, உண்மையில் எதைக் கேட்கிறது?

நிறைவு என்றால் என்ன?

கிறிஸ்தவ சபைகளில் "ஆவியின் நிறைவு", "உள்ளான பலம்" என்ற சொற்கள் அடிக்கடி காதில் விழும். இவற்றின் வேர்களில் முக்கியமான ஒன்று புதிய ஏற்பாட்டில் எபேசியருக்கு எழுதிய நிருபத்தின் 3-ஆம் அதிகாரம். அங்கே பவுல் முழங்கால்படியிட்டு ஒரு ஜெபம் செய்கிறார். எழுதும்போது தான் ஒரு கைதி என்று அவரே சொல்கிறார். விடுதலை வேண்டும் என்று அந்த ஜெபத்தில் அவர் கேட்கவில்லை. பணம், பாதுகாப்பு எதையும் கேட்கவில்லை. கடிதம் வாசிப்பவர்கள் உள்ளுக்குள் பலப்பட வேண்டும், அன்பின் அகல நீளத்தை உணர வேண்டும், தேவனுடைய நிறைவால் நிரப்பப்பட வேண்டும் என்று கேட்கிறார்.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். அந்த அன்பைத் தனி ஆளாக உணர்வதைப் பற்றி அவர் பேசவில்லை, எல்லா விசுவாசிகளோடும் சேர்ந்து உணர்வதைப் பற்றிப் பேசுகிறார். அதற்கு முந்தைய அதிகாரத்தின் பிற்பகுதி யூதர், யூதரல்லாதவர் என்ற இரண்டு கூட்டத்தாருக்கு நடுவே இருந்த சுவர் இடிந்ததைப் பற்றியது. சுவர் இடிந்த பிறகுதான் நிறைவைப் பற்றிய ஜெபம் வருகிறது. இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சரி, நியூயார்க்குக்குப் போவோம்.

ஆள் குறைந்துபோன ஒரு தேவாலயம்

நியூயார்க்கின் கீழ்ப்பகுதியில் ஃபுல்டன் தெருவும் வில்லியம் தெருவும் சந்திக்கும் இடத்தில், டச்சுக்காரர்கள் வழிவந்த சீர்திருத்த சபையின் வடக்கு டச்சுத் தேவாலயம் இருந்தது. 1769-ல் கட்டியது. 1850-களில் அந்தப் பகுதி வியாபாரப் பேட்டையாக மாறிவிட்டது. வசதியான குடும்பங்கள் நகரத்தின் மேல்பகுதிக்குக் குடிபோய்விட்டன. கிடங்குகளும் அலுவலகங்களும் மிஞ்சின, சபைக்கு வர ஆட்கள் இல்லை. பல சபைகள் இப்படிப்பட்ட நேரத்தில் இடத்தை விற்றுவிட்டு ஜனங்கள் போன பக்கமே போய்விட்டன. இந்தச் சபை அப்படிச் செய்யாமல், சுற்றுவட்டாரத்தில் வீடு வீடாகப் போய்ப் பார்க்க ஒரு ஊழியரை நியமித்தது.

அவர் பெயர் ஜெரமையா லான்ஃபியர். போதகர் இல்லை, இறையியல் கல்லூரியில் படித்தவரும் இல்லை. வியாபாரத்தில் இருந்தவர். வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. 1857 ஜூலை 1 அன்று வேலையில் சேர்ந்தார். வீடு வீடாக, கடை கடையாக நடந்தார். பெரிதாகப் பலன் இல்லை. களைத்துப்போய்த் திரும்பிவந்து மதிய நேரத்தில் தனியாக ஜெபிப்பார், அதில் மறுபடி நடக்கத் தெம்பு கிடைக்கும். தனக்குக் கிடைக்கிற இந்தத் தெம்பு பக்கத்துக் கடைகளிலும் அலுவலகங்களிலும் உழைக்கிறவர்களுக்கும் வேண்டியிருக்குமே என்ற யோசனை அப்படித்தான் வந்தது.

துண்டுப் பிரசுரம் அச்சடித்து விநியோகித்தார். வாரம் ஒரு நாள், புதன்கிழமை, மதியம் 12 முதல் 1 வரை. ஐந்து நிமிடம் இருந்தாலும் சரி, ஒரு மணி நேரம் இருந்தாலும் சரி.

முதல் கூட்டம் 1857 செப்டம்பர் 23. தேவாலயத்தை ஒட்டிய சபைக் கட்டடத்தின் மூன்றாவது தளத்தில் ஓர் அறை. 12 மணிக்கு ஒருவரும் வரவில்லை. அரை மணி நேரம் லான்ஃபியர் தனியாகவே ஜெபித்தார். 12.30-க்குப் படியில் காலடிச் சத்தம், ஒருவர் வந்தார். கடைசியில் மொத்தம் ஆறு பேர். அடுத்த புதன் 20 பேர். அதற்கு அடுத்த வாரம் 30-க்கு மேல். வாரம் ஒரு முறை போதாது, தினமும் வைத்துக்கொள்வோம் என்று முடிவு செய்தார்கள்.

வங்கிகள் விழுந்த கதை

இப்போது நம் பாடத்துக்கு வருவோம். 1857 ஆகஸ்ட் 24 அன்று ஒஹையோ லைஃப் இன்ஷூரன்ஸ் அண்ட் டிரஸ்ட் கம்பெனியின் நியூயார்க் கிளை பணம் தர முடியாமல் கையை விரித்தது. பெயரில் இன்ஷூரன்ஸ் இருந்தாலும் நடைமுறையில் அது ஒரு பெரிய வங்கி. ரயில்வே பங்குகளிலும் மேற்கு மாநில நிலங்களிலும் அளவுக்கு மீறி நடந்த முதலீட்டுக் காய்ச்சல் இறங்கிய நேரம் அது. ஒரு பெரிய பெயர் விழுந்ததும் மற்ற வங்கிகள் கடனை உடனே திருப்பிக் கேட்க ஆரம்பித்தன.

செப்டம்பர் 12 அன்று கலிஃபோர்னியா தங்கத்தை ஏற்றிக்கொண்டு நியூயார்க் வந்துகொண்டிருந்த சென்ட்ரல் அமெரிக்கா என்ற கப்பல் புயலில் மூழ்கியது. 400-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். வங்கிகள் எதிர்பார்த்திருந்த தங்கமும் கடலுக்குள் போனது. அக்டோபர் மத்தியில் நியூயார்க் வங்கிகள் நோட்டுக்குப் பதிலாகத் தங்கம், வெள்ளி நாணயம் தருவதை நிறுத்திவிட்டன. அந்த வருடம் ஏறத்தாழ 5000 தொழில் நிறுவனங்கள் திவாலாயின. நவம்பரில் வேலையிழந்தவர்கள் டாம்ப்கின்ஸ் சதுக்கத்தில் திரண்டு வேலையும் ரொட்டியும் கேட்டார்கள்.

இதைப் படித்ததும் சுலபமாக ஒரு முடிவுக்கு வந்துவிடலாம்: பணம் போச்சு, அதனால் ஜெபம் வந்தது. அந்தக் காலத்திலேயே பலர் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் கணக்கு அவ்வளவு சுத்தமாகப் பொருந்தவில்லை. லான்ஃபியரின் முதல் கூட்டம் வங்கிகள் நாணயம் தருவதை நிறுத்துவதற்கு மூன்று வாரம் முன்பே நடந்துவிட்டது. டிசம்பரில் வங்கிகள் மறுபடி நாணயம் தர ஆரம்பித்துவிட்டன. கூட்டம் உச்சத்துக்குப் போனதோ 1858 மார்ச், ஏப்ரலில்! 1837-லும் இதைப் போன்ற பெரிய வங்கி நெருக்கடி வந்தது, அப்போது இப்படி ஓர் அலை எழவில்லை. நெருக்கடி மண்ணை உழுதிருக்கலாம். விதை வேறு எங்கிருந்தோ வந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அந்த விதைகளில் ஒன்று நியூயார்க்கிலேயே இருந்தது. மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்த ஃபீபி பால்மர் என்ற பெண்மணி தன் வீட்டில் செவ்வாய்க்கிழமை தோறும் கூட்டம் நடத்திவந்தார். ஆவியின் நிறைவு, பரிசுத்த வாழ்க்கை இவைதான் பேச்சு. பல வருடமாக நடந்த கூட்டம், பிற சபைகளின் போதகர்களும் பேராசிரியர்களும் வந்து உட்கார்ந்த கூட்டம். 1857 அக்டோபரில் கனடாவின் ஹாமில்டன் நகரத்தில் அவரும் அவர் கணவரும் நடத்திய கூட்டங்களில் பெரிய எழுப்புதல் ஏற்பட்டது. ஆகவே "எல்லாம் ஃபுல்டன் தெருவில்தான் தொடங்கியது" என்பதும் பாதிக் கதைதான்.

ஐந்து நிமிட விதி

ஃபுல்டன் தெருக் கூட்டம் ஏன் பரவியது? நிர்வாகவியல் புத்தகத்தில் உதாரணமாகப் போடலாம், அவ்வளவு தெளிவான அமைப்பு. சரியாக 12-க்குத் தொடக்கம், 1-க்கு முடிவு. யார் வேண்டுமானாலும் ஜெபிக்கலாம், பேசலாம், ஆனால் ஐந்து நிமிடத்துக்கு மேல் கூடாது. மீறினால் மணி அடித்துவிடுவார்கள், பிரபலமான போதகராக இருந்தாலும் சரி. நடத்துகிறவர் பெரும்பாலும் ஒரு வியாபாரி. ஜெப விண்ணப்பங்களைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுக்கலாம், தபாலிலும் அனுப்பலாம். குடிகாரக் கணவனுக்காக மனைவி, வீட்டைவிட்டுப் போன மகனுக்காகத் தாய் என்று குவிந்த விண்ணப்பங்களை ஒவ்வொன்றாக வாசித்து ஜெபித்தார்கள்.

இன்னொரு விதியும் இருந்தது: கருத்து வேறுபாட்டுக்குரிய எதையும் பேசக்கூடாது. பாப்டிஸ்டும் மெதடிஸ்டும் பிரஸ்பிட்டேரியனும் ஒரே பெஞ்சில் உட்கார அந்த விதிதான் வழி செய்தது. ஞானஸ்நானம் எப்படிக் கொடுப்பது என்று விவாதம் தொடங்கியிருந்தால் இரண்டாவது வாரமே கூட்டம் உடைந்திருக்கும்.

1858 பிப்ரவரிக்குள் கட்டடத்தின் மற்றத் தளங்களும் நிறைந்தன. பக்கத்திலிருந்த ஜான் தெரு மெதடிஸ்ட் தேவாலயமும் நிரம்பியது. மார்ச் 17 முதல் சேம்பர்ஸ் தெருவிலிருந்த பர்ட்டன் நாடகக் கொட்டகையிலேயே மதிய ஜெபம் நடந்தது. தி ஹெரால்ட், தி ட்ரிப்யூன் என்ற இரண்டு போட்டிப் பத்திரிகைகளும் இதைத் தலைப்புச் செய்தியாக்கின. ட்ரிப்யூன் தனிச் சிறப்பிதழே வெளியிட்டது. அப்போது புதிய தொழில்நுட்பமாக இருந்த தந்தி மூலம் நியூயார்க் கூட்டமும் ஃபிலடெல்ஃபியா கூட்டமும் ஒன்றுக்கொன்று வாழ்த்து அனுப்பிக்கொண்டன.

இந்த அலையில் 10 லட்சம் பேர் மனம் மாறினார்கள் என்று பல புத்தகங்களில் எழுதியிருக்கும். அதைத் தணிக்கை செய்யாத கணக்காகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் சில மனிதர்களின் வாழ்க்கையில் இதன் தடம் தெளிவாகத் தெரிகிறது. சிகாகோவில் செருப்புக் கடை விற்பனையாளராக இருந்த டி. எல். மூடி அங்கே மதிய ஜெபக்கூட்டங்களில் ஊறி வளர்ந்து, பிறகு உலகம் அறிந்த சுவிசேஷகர் ஆனார். ஃபிலடெல்ஃபியாவில் ஒய்.எம்.சி.ஏ.வின் சம்பளம் பெறும் முதல் செயலாளராக இருந்து ஜெபக்கூட்டங்களுக்கு ஓடியாடி உழைத்த இளைஞர் ஜான் வானமேக்கர். 1861-ல் துணிக்கடை திறந்தார். பேரம் இல்லாமல் பொருளில் விலைச்சீட்டு ஒட்டி விற்கும் முறையைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் என்று இன்று அவரை நம் சந்தையியல் புத்தகங்கள் சொல்கின்றன.

பேசாமல் விட்ட விஷயம்

இனிமேல்தான் எனக்கு உறுத்தலாக இருக்கும் பகுதி.

"கருத்து வேறுபாட்டுக்குரிய எதையும் பேசக்கூடாது" என்ற விதிக்குள் ஞானஸ்நானம் மட்டும் அடங்கவில்லை. அடிமைமுறையும் அடங்கியது. 1857 மார்ச் 6 அன்று ட்ரெட் ஸ்காட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கறுப்பின மக்கள் அமெரிக்கக் குடிமக்களே ஆக முடியாது என்று தீர்ப்புச் சொல்லி ஆறே மாதம்தான் ஆகியிருந்தது. நாட்டில் ஏறத்தாழ 40 லட்சம் பேர் அடிமைகள். நாடே அதைப் பற்றித்தான் சண்டையிட்டுக்கொண்டிருந்தது. ஃபுல்டன் தெரு அறையில் மட்டும் அதற்கு இடமில்லை.

இதிலும் வணிகம் இருக்கிறது. தென் மாநிலப் பருத்திக்குக் கடன் கொடுத்ததும், காப்பீடு செய்ததும், கப்பல் ஏற்றியதும் பெருமளவில் நியூயார்க் வியாபாரிகள்தான். 1857 நெருக்கடியில் வடக்கு தள்ளாடியபோது தெற்கு அவ்வளவாக அடிபடவில்லை. பருத்தி விலை சீக்கிரம் மீண்டது. 1858 மார்ச் 4 அன்று தென் கரோலினா செனட்டர் ஜேம்ஸ் ஹாமண்ட், பருத்திதான் ராஜா, அதை எதிர்க்க யாருக்கும் துணிச்சல் இல்லை என்ற கருத்தில் செனட்டிலேயே மார்தட்டினார். அடிமை உழைப்பில் விளைந்த பருத்திக்குத்தான் இந்தப் பெருமை. அதே மாதம்தான் பர்ட்டன் கொட்டகை ஜெபத்தால் நிரம்பி வழிந்தது.

இதை அப்போதே கேட்டவர் ஒருவர் உண்டு. பாஸ்டனில் தியோடர் பார்க்கர் என்ற போதகர். கிறிஸ்தவக் கோட்பாடுகள் பலவற்றை ஏற்காதவர், ஆனால் அடிமைமுறையை உயிரைக் கொடுத்து எதிர்த்தவர். இந்த எழுப்புதல் அடிமையைப் பற்றிப் பேசவில்லையே என்று 1858-ல் கடுமையாகப் பிரசங்கித்தார். பாஸ்டன் பார்க் தெரு தேவாலய ஜெபக்கூட்டத்தில் கூடிய சிலர் அதற்கு முன்பே, அவர் மனம் மாற வேண்டும், இல்லையென்றால் அவர் வாயை அடைக்க வேண்டும் என்று ஜெபித்திருந்தார்கள். எழுப்புதல் இயக்கத்தின் மிகப் பெரிய பெயரான சார்ல்ஸ் ஃபின்னியும் பிற்காலத்தில் தன் நினைவுக் குறிப்புகளில், அடிமைமுறைதான் எழுப்புதலைத் தெற்கிலிருந்து விலக்கி வைத்தது என்ற பொருளில் எழுதினார். தெற்கிலும் எழுப்புதல் கூட்டங்கள் நடந்ததை வரலாற்றாசிரியர்கள் பிறகு காட்டியிருக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் விஷயம் இன்னும் கனக்கிறது. அடிமையை வைத்திருந்தவரும் அதே நிறைவைக் கேட்டார், தனக்குக் கிடைத்ததாகவும் நம்பினார்.

நியாயமாக மறுபக்கமும் சொல்ல வேண்டும். எபேசியர் நிருபத்தின் 6-ஆம் அதிகாரம் அடிமைகள் எஜமானர்களுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்கிறது. தென் மாநிலப் பிரசங்கிகள் அதைத் திரும்பத் திரும்ப எடுத்துக் காட்டினார்கள். சுவர் இடிந்தது என்கிற 2-ஆம் அதிகாரமும் அதே கடிதத்தில்தான் இருக்கிறது. எந்தப் பக்கத்தை மடித்து வைத்துக்கொண்டு ஜெபிக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது போல.

1861 ஏப்ரலில் உள்நாட்டுப் போர் வெடித்தது. 6 லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் செத்தார்கள். ஜெபக்கூட்டத்தில் வளர்ந்தவர்கள் அப்போது சும்மா இருக்கவில்லை. 1861 நவம்பரில் ஒய்.எம்.சி.ஏ.க்கள் கூடி அமெரிக்கக் கிறிஸ்தவ ஆணையத்தை அமைத்தன. ஃபிலடெல்ஃபியா வியாபாரி ஜார்ஜ் ஸ்டூவர்ட் அதற்குத் தலைவர். காயம்பட்டவர்களுக்கு உணவு, மருந்து, கடிதம் எழுதித் தருவது என்று ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் போர்க்களத்துக்கே போனார்கள். அந்தப் பலம் பொய்யில்லை. போர் வருவதற்கு முன்னால் அது வாய் திறக்கவில்லை என்பதுதான் வருத்தம்.

நம் பக்கம் வந்த அலை

செய்தி கடல் தாண்டியது. வேல்ஸிலும் வட அயர்லாந்தின் அல்ஸ்டர் பகுதியிலும் 1859-ல் பெரிய எழுப்புதல். பஞ்சாபில் லூதியானாவில் இருந்த அமெரிக்கப் பிரஸ்பிட்டேரியன் மிஷனரிகள் 1858-ல் கூடி, உலகெங்கும் உள்ள சபைகள் 1860 ஜனவரியில் ஒரு வாரம் சேர்ந்து ஜெபிக்க வேண்டும் என்று அழைப்பு விடுத்தார்கள். 1857-ன் இரத்தம் காயாத வட இந்தியாவிலிருந்து போன அழைப்பு அது. இன்றும் பல சபைகள் வருடத் தொடக்கத்தில் ஜெப வாரம் நடத்துகின்றன என்றால் அதன் தொடக்கம் இதுதான்.

அதே 1860-ல் அன்றைய திருநெல்வேலி ஜில்லாவில் எழுப்புதல் தொடங்கியது. நடுநாயகமாக இருந்தவர் வெள்ளைக்கார மிஷனரி இல்லை, ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் என்ற தமிழர். 1810-ல் பிறந்தவர். பாளையங்கோட்டையில் ரேனியஸிடம் படித்தவர். மிஷன் சம்பளத்தை எதிர்பார்க்காமல் ஊழியம் செய்வது என்று முடிவெடுத்து, 1840-களின் தொடக்கத்தில் கிறிஸ்தியான்பேட்டை என்ற கிராமத்தை உருவாக்கினார். அமெரிக்காவிலும் அல்ஸ்டரிலும் நடந்த செய்திகளைப் படித்து, நம் ஊரிலும் ஆவியின் நிறைவு வேண்டும் என்று ஜெபித்துவந்தார்.

அங்கே நடந்தது ஃபுல்டன் தெரு போல ஒழுங்காக மணி அடித்து முடிக்கிற கூட்டம் இல்லை. ஜனங்கள் அழுதார்கள், விழுந்தார்கள், புரியாத பாஷைகளில் பேசினார்கள் என்று அருளப்பனே எழுதிவைத்திருக்கிறார். பெண்களும் சபையில் வாய்திறந்து பேசினார்கள். சாதாரண ஜனங்கள் சம்பளம் இல்லாமல் ஊர் ஊராகப் போனார்கள். மிஷனரிகளில் சிலர் மகிழ்ந்தார்கள், சிலர் சந்தேகத்தோடு பார்த்தார்கள். இதெல்லாம் அமெரிக்காவில் அசூசா தெருவில் 1906-ல் பெந்தெகொஸ்தே இயக்கம் வெடிப்பதற்கு 46 வருடம் முன்பு. உலகக் கிறிஸ்தவ வரலாற்றை எழுதுகிறவர்கள் இன்று திருநெல்வேலியைத் தவறாமல் குறிப்பிடுவதற்குக் காரணம் இதுதான்.

நியூயார்க்கில் கூட்டத்தைக் காப்பாற்ற ஒரு கேள்வியை வெளியே நிறுத்தினார்கள். கிறிஸ்தியான்பேட்டையிலோ யார் பேசலாம், யார் சம்பளத்தில் ஊழியம் நடக்க வேண்டும் என்ற கேள்விகள் தாமாகவே உள்ளே வந்துவிட்டன. எது பெரியது என்று மார்க் போட எனக்குத் தகுதியில்லை. லான்ஃபியர் தனியாக உட்கார்ந்திருந்த அந்த அரை மணி நேரத்தை நான் சாதாரணமாக நினைக்கவில்லை. வேலை நடுவில், கையில் காசில்லாத நாளில், காசைக் கேட்காமல் தெம்பைக் கேட்டார்கள் என்பது எந்த மதத்துக்காரரும் மதிக்க வேண்டிய விஷயம்.

ஆனால் வரவு செலவுக் கணக்குப் படிக்கிறவனாக ஒன்று தோன்றுகிறது. நிறைவு என்பது உள்ளே எவ்வளவு வந்தது என்பதை மட்டும் வைத்து எழுதுகிற கணக்கு இல்லை. குடம் நிறைந்தால் தண்ணீர் வெளியே வழியும், அது யார் காலடி வரை போகிறது என்றும் எழுத வேண்டும். ஃபுல்டன் தெருவில் வழிந்த தண்ணீர் காயம்பட்ட சிப்பாய் வரை போனது, குடிகாரன் வீட்டுக்குப் போனது, அயர்லாந்துக்கும் இந்தியாவுக்கும் போனது. அதே நகரத்துத் துறைமுகத்தில் வந்து இறங்கிய பருத்தி மூட்டையை விளைவித்தவன் காலடிக்கு மட்டும் அது போய்ச் சேரவில்லை.

அந்த வடக்கு டச்சுத் தேவாலயத்தை 1875-ல் இடித்துவிட்டார்கள். அந்த இடம் இன்று பங்குச்சந்தைக்கு நடந்துபோகிற தூரத்தில் இருக்கும் ஒரு சாதாரணத் தெருமுனை.